மதுரைப் பக்கத்துக் கரி இன்ஜின்களை அறிந்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்



மதுரை, மானாமதுரை, ராமேஸ்வரம், செங்கோட்டை, திருச்சி, விழுப்புரம் ஷெட்களில் கரி இன்ஜின் ஓட்டிய டிரைவர்களுக்கு இதை எழுதுகிறேன். அவர்களோடு நின்று அடுப்புக்குக் கரி அள்ளிப் போட்ட ஃபயர்மேன்களுக்கும், சாம்பல் குழியில் இறங்கிய கிளீனர்களுக்கும், ஃபிட்டர்களுக்கும், பாய்லர் மேக்கர்களுக்கும், பொன்மலைப் பணிமனையில் அந்த இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டியவர்களுக்கும் எழுதுகிறேன். உங்களில் மறைந்துபோனவர்களின் மனைவிமார்கள், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் கையில் இது கிடைத்தால், அவர்களும் தங்களுக்கு வந்த கடிதமாகவே நினைத்துப் படிக்க வேண்டும்.

உங்களிடம் நான் கேட்பது உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பழைய போட்டோக்களை. அவற்றோடு, உங்கள் கைக்கும் கண்ணுக்கும் மட்டும் தெரிந்த சில விவரங்களை.

எங்கள் ஊர் கொட்டாம்பட்டி. மதுரையிலிருந்து திருச்சி போகும் ரோட்டில் மேலூரைத் தாண்டி, துவரங்குறிச்சிக்கு முன்னால் இருக்கிறது. ரயில் கிடையாது. 1875-ல் திருச்சியிலிருந்து மதுரைக்குப் போட்ட மீட்டர்கேஜ் பாதை மேற்கே மணப்பாறை, திண்டுக்கல் வழியாகச் சுற்றிப் போய்விட்டது. பின்னால் வந்த இன்னொரு பாதை கிழக்கே புதுக்கோட்டை, காரைக்குடி, மானாமதுரை என்று ஒதுங்கிப் போனது. இரண்டுக்கும் நடுவில் நாங்கள். ரயிலைப் பார்க்கவே பஸ் ஏறிப் போக வேண்டியிருந்த ஊரில் பிறந்தவன், ரயில்வேயில் ஒரு நாளும் வேலை பார்க்காதவன், இன்று ஒய்.பி. என்ற மீட்டர்கேஜ் கரி இன்ஜின் ஒன்றின் மாதிரியைப் பித்தளைத் தகட்டில் செய்துகொண்டிருக்கிறேன். உள்ளதை உள்ளபடி செய்ய வேண்டும் என்பது ஒன்றுதான் என் ஆசை. உங்கள் உதவி இல்லாமல் அது முடியாது என்று தெரிந்ததால்தான் இந்த மடல்.

எனக்குத் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதிரியை 22.5-ல் ஒரு பங்கு அளவில் செய்கிறேன். மீட்டர்கேஜ் பாதையின் அகலம் 1000 மி.மீ.; அதை 22.5-ஆல் வகுத்தால் 44.4 வரும். மாதிரி ரயில் செய்பவர்கள் பல நாடுகளில் பயன்படுத்தும் 45 மி.மீ. பாதை அதற்குச் சரியாக இருக்கும். ஒய்.பி.யின் பெரிய சக்கரம் 4 அடி 6 அங்குலம், அதாவது 1372 மி.மீ. மாதிரியில் அது 61 மி.மீ. சிலிண்டருக்குள் பிஸ்டன் ஓடும் தூரம் 24 அங்குலம். அப்படியானால் கிராங்க் பின் சக்கரத்தின் மையத்திலிருந்து 12 அங்குலம் தள்ளி இருக்க வேண்டும், மாதிரியில் 13.5 மி.மீ. இதில் அரை மில்லிமீட்டர் தவறினாலும் கனெக்டிங் ராடின் வீச்சு மாறிவிடும், இன்ஜின் ஓடும்போது பார்ப்பவர் கண்ணுக்கு ஏதோ உறுத்தும். பாய்லர் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு, அடுப்புத் தட்டின் பரப்பு 28 சதுர அடி. இவையெல்லாம் அச்சில் கிடைக்கின்றன.

ஒய்.பி.யின் ஃப்ரேம் பார் ஃப்ரேம். கனத்த இரும்புச் சட்டங்களால் ஆனது. சட்டங்களுக்கு நடுவே இடைவெளி உண்டு. பாய்லருக்குக் கீழே, சக்கரங்களுக்கு மேலே, இந்தப் பக்கம் நின்று பார்த்தால் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியும். கடையில் விற்கும் பொம்மை இன்ஜின்களில் அந்த இடத்தில் ஒரு தகட்டை வைத்து அடைத்துவிடுவார்கள். அப்படி அடைத்தால் அது ஒய்.பி. இல்லை.

ஆனால் ஒய்.பி. என்று பொதுவாக ஓர் இன்ஜின் கிடையாது. இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு நெடுநாள் ஆயிற்று. 1949-ல் அமெரிக்காவின் பால்ட்வின் நிறுவனம் முதல் 20 இன்ஜின்களைக் கட்டியது. பிறகு ஜெர்மனியின் கிராவுஸ்-மாஃபை 200, கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் 100, கடைசியாக ஜம்ஷெட்பூரில் டெல்கோ 551. டெல்கோ 1970 வரை கட்டியது. எல்லாம் சேர்த்து 871. வரைபடம் ஒன்றுதான். ஆனாலும் நான்கு பட்டறைகள், மூன்று கண்டங்கள், இருபது ஆண்டுகள். பட்டறையை விட்டு வந்த பிறகு ஒவ்வொரு இன்ஜினும் ஒவ்வொரு ஷெட்டில் வளர்ந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பி.ஓ.எச். என்ற முழுப் பராமரிப்புக்குப் பணிமனை போகும். போன பாய்லரே திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. தயாராக இருக்கும் வேறு பாய்லரை ஏற்றி அனுப்புவார்கள். டெண்டர் மாறும். முகப்பு விளக்கு மாறும். பெயின்ட் மாறும். ஒரே நம்பர் கொண்ட இன்ஜினை 1965-லும் 1985-லும் படம் எடுத்துப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒன்றா என்று சந்தேகம் வரும்.

அதனால் மாதிரி செய்பவன் முதலில் முடிவு செய்ய வேண்டியவை இரண்டு: எந்த நம்பர், எந்த ஆண்டு. இரண்டையும் முடிவு செய்யாமல் பெயின்ட் டப்பாவைத் திறக்கக் கூடாது. டெல்கோ கட்டிய இன்ஜினில் நார்த் பிரிட்டிஷின் வைர வடிவப் பெயர்ப்பலகையை ஒட்டுவதும், அறுபதுகளின் விளக்கை எண்பதுகளின் உடம்பில் மாட்டுவதும் பார்வைக்கு அழகாக இருக்கலாம். அவை பொய். தெரியாத இடத்தை வெறுமையாக விட்டுவைப்பதே நேர்மை என்று நான் நினைக்கிறேன். என் மேசையில் இருக்கும் இன்ஜினுக்கு இன்னும் கேபின் உட்புறம் இல்லாததற்கு அதுதான் காரணம்.

வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் காகிதங்களைக் காப்பாற்றிவிட்டார்கள். நார்த் பிரிட்டிஷ் நிறுவனம் 1962-ல் மூடப்பட்டது; அதன் ஆவணங்களும் புகைப்படங்களும் கிளாஸ்கோவில் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்திலும் மிட்செல் நூலகத்திலும் இருக்கின்றன. பால்ட்வின் வரைபடங்கள் டெக்சாஸில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. இந்திய இன்ஜின்களுக்கு நம்பர் வாரியாகப் பட்டியல் போட்டு நான்கு பாகமாகப் புத்தகம் எழுதியவர் ஹியூ ஹியூஸ் என்ற ஆங்கிலேயர். 1941 முதல் 1990 வரையான இன்ஜின்களைச் சொல்லும் நான்காம் பாகம் 1996-ல் வந்தது. எந்த இன்ஜினை யார் எப்போது கட்டினார்கள் என்று அறிய இன்றும் அதைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

படங்களும் அப்படித்தான். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் உலகத்தில் பல நாடுகளில் நீராவி இன்ஜின் அருகிக்கொண்டிருந்தபோது, கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு வெள்ளைக்காரர்கள் இங்கே வந்தார்கள். அவர்கள் எடுத்த படங்கள் இல்லையென்றால் என் வேலை தொடங்கியே இருக்காது. ஆனால் பெரும்பாலும் ஒரே கோணம்: வெயில் விழும் பக்கத்திலிருந்து, முன்முகமும் ஒரு பக்கமும் தெரியும்படி, புகை நன்றாக எழும் நேரத்தில். அழகான படங்கள். அளவெடுக்க உதவாத படங்கள். சாய்ந்த கோணத்தில் எடுத்த படத்தில் முன்னால் இருப்பது பெரிதாகவும் பின்னால் இருப்பது சிறிதாகவும் விழும். நேர் பக்கவாட்டில், தூரத்தில் நின்று எடுத்த படம் ஒன்று கிடைத்தால் போதும். சக்கரத்தின் விட்டம் தெரியும் என்பதால் அதையே அளவுகோலாக வைத்துப் படியின் உயரம், ஜன்னலின் அகலம், ஆணி வரிசையின் இடைவெளி எல்லாவற்றையும் கணக்குப் போட்டுவிடலாம். அதிலும் கவனம் வேண்டும். 1372 மி.மீ. என்பது புது டயர் போட்ட சக்கரத்துக்குத்தான். ஓடித் தேய்ந்து, லேத்தில் ஏற்றிக் கடைந்த பிறகு அது குறைந்துவிடும். இதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள்.

பழைய சினிமாவையும் விடவில்லை. 1964-ல் வந்த ‘பச்சை விளக்கு’ படத்தில் சிவாஜி கணேசன் இன்ஜின் டிரைவராக நடித்தார். அதுபோன்ற படங்களில் ரயில் வரும் இடங்களை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன். ஆனால் கேபின் காட்சி ஸ்டூடியோவில் போட்ட செட்டாகவும் இருக்கலாம் என்பதால், வேறு சாட்சி கிடைக்காமல் அதை நம்புவதில்லை.

நிறுத்தி வைத்திருக்கும் இன்ஜினைப் போய் அளக்கலாமே என்று கேட்பீர்கள். அளக்கிறேன். டெல்லியில் 1977-ல் திறந்த தேசிய ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது, சென்னையில் ஐ.சி.எஃப். பக்கத்தில் ஒன்று இருக்கிறது, திருச்சியில் 2014 முதல் ரயில்வே பாரம்பரிய மையம் இருக்கிறது. இரும்பின் அளவுகளுக்கு நிறுத்தி வைத்த இன்ஜினை மிஞ்சிய சாட்சி இல்லை. ஆனால் பல ஊர்களில் நிலையத்து வாசலிலும் அலுவலக வாசலிலும் நிற்கும் இன்ஜின்களுக்குப் பித்தளைச் சாமான்கள் போய்விட்டன. கேஜ் இருந்த இடத்தில் ஓட்டை இருக்கிறது. பண்டிகைக்குப் பண்டிகை கெட்டியாகப் பெயின்ட் அடித்து அடித்து, ஆணித்தலைகள் மழுங்கி, எழுத்துகள் புதைந்துவிட்டன. சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக நிற்கிற அந்த இன்ஜினைப் பார்த்து இதுதான் கரி இன்ஜின் என்று நம்பும் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது. வேலை பார்த்த இன்ஜினின் நிறம் அதுவல்ல. எண்ணெயும் கரித்தூளும் ஆவியும் சேர்ந்து படிந்த அந்தக் கறுப்பு எப்படி இருந்தது, அதில் எந்த இடம் மட்டும் துடைத்துத் துடைத்துப் பளபளத்தது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இனி என் கேள்விகள்.

டெண்டரின் பக்கவாட்டில் தெற்கு ரயில்வே என்பதற்கான எழுத்துகள் எந்தெந்த மொழியில், எந்த வரிசையில் இருந்தன? மதுரை ஷெட் இன்ஜின் என்று தூரத்திலேயே தெரிந்துகொள்ள ஏதாவது அடையாளம் உண்டா? ஸ்மோக்பாக்ஸ் கதவில் நட்சத்திரம் வரைந்திருந்தீர்களா, வரைந்திருந்தால் பெயின்டா, பித்தளையா? பி.ஓ.எச். தேதியை எந்த இடத்தில் எழுதினார்கள்? கரி அதிகம் கொள்ளட்டும் என்று டெண்டருக்கு மேலே பலகையோ தகடோ கட்டி உயர்த்தியது உண்டா?

கேபினுக்குள் வாருங்கள். அடுப்புக் கதவுக்கு மேலே எண்ணெய்க் கேன்கள் சூடாக இருப்பதற்கு ஒரு தட்டு உண்டு. உங்கள் இன்ஜினில் அதில் எத்தனை கேன் நிற்கும்? சாப்பாட்டுத் தூக்கை எங்கே வைத்தீர்கள்? குடிதண்ணீர் எதில், எந்தக் கொக்கியில் தொங்கியது? மழைச் சாரலுக்குப் படுதா கட்டினீர்களா, அதை எங்கே முடிச்சுப் போட்டீர்கள்? ஷவலை எந்தப் பக்கம் சாய்த்து வைப்பது வழக்கம்? சாமி படம் எங்கே இருந்தது, எந்தச் சாமி? வரைபடத்தில் இவை எதுவும் இருக்காது. கிளாஸ்கோவில் வரைந்தவர் ராமேஸ்வரம் பாசஞ்சரில் கரி போட்டவரின் தூக்குச் சட்டிக்கு இடம் ஒதுக்கியிருக்க மாட்டார். ஆனால் அந்த இடம் இருந்தது. தினமும் யாரோ ஒருவர் கை அங்கே போய் வந்தது. இவை இல்லாமல் நான் செய்யும் கேபினில் ஒரு மனிதர் வேலை பார்த்தார் என்று யாராலும் நம்ப முடியாது.

ஆயுத பூஜையன்று ஷெட்டில் இன்ஜினுக்கு வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து எடுத்த படம் யாரிடமாவது இருக்கும். ரிட்டையர் ஆன அன்று மாலையும் கழுத்துமாக இன்ஜின் முன்னால் நின்று எடுத்த படம் அநேகமாக ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும். வீட்டார் அதில் உங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள். உங்கள் தோளுக்குப் பின்னால் மங்கலாகத் தெரியும் நம்பர் பிளேட்டையும், நடு பஃபரையும் அதன் கொக்கியையும், விளக்குத் தாங்கியையும் நான் பார்க்க வேண்டும். தேதி தெரிந்த படம் என்பதால் எனக்கு அது வேறெந்தப் படத்தையும்விட உயர்ந்த ஆவணம். ரிட்டையர் ஆன நாளை யாரும் மறப்பதில்லை.

நினைவு தவறுமே என்று உங்களில் சிலர் தயங்குகிறீர்கள். ஒரே ஷெட்டில் வேலை பார்த்த இருவர் ஒரே இன்ஜினின் நிறத்தைப் பற்றி என் முன்னாலேயே வாதாடியிருக்கிறார்கள். வாதாடட்டும். இரண்டையும் எழுதி வைப்பேன். பிறகு ஒரு படம் கிடைக்கும், யார் சொன்னது எந்த ஆண்டுக்குப் பொருந்தும் என்று தெரியும். பல நேரம் இருவர் சொன்னதும் சரியாகவே இருக்கும், ஆண்டு மட்டும் வேறாக இருக்கும். அச்சிட்ட புத்தகத்தைக் காட்டி உங்கள் வாயை அடைக்க நான் வரவில்லை. புத்தகமும் நீங்களும் முரண்பட்டால், படம் கிடைக்கும் வரை இரண்டையும் வைத்துக்கொண்டு காத்திருப்பேன்.

இந்தத் தொழிலின் பெரிய நாட்களை எழுதியவர்கள் இருக்கிறார்கள். 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததைப் பற்றிப் படிக்கலாம், 1974 மே மாத வேலைநிறுத்தத்தைப் பற்றிப் படிக்கலாம். விடியற்காலை வண்டிக்கு ராத்திரியே அடுப்பு மூட்டியவர் அந்த ராத்திரி என்னென்ன செய்தார் என்று தமிழில் எழுதி வைத்தவர்கள் மிகச் சிலர். பாய்லர் கழுவும் நாளில் எத்தனை அடைப்பான்களைக் கழற்றினார்கள், ஈரக்கரி வந்தால் என்ன செய்தார்கள், ஏற்றத்தில் அழுத்தம் இறங்கும்போது டிரைவரும் ஃபயர்மேனும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதெல்லாம் உங்களோடு நிற்கிறது. ஒரு மாதிரி இன்ஜினுக்காகக் கேட்கத் தொடங்கினேன். கேட்கக் கேட்க இன்ஜினைவிட இந்த வேலையின் வரலாறு பெரிதாகத் தெரிகிறது.

காலம் குறைவு. அகலப்பாதையில் நாட்டின் கடைசி நீராவி ஓட்டம் 1995 டிசம்பரில் முடிந்தது. மீட்டர்கேஜில் அதன்பின் சில ஆண்டுகள் ஒன்றிரண்டு இடங்களில் நீடித்தது. இங்கே பாதைகளும் மாறிவிட்டன. ராமேஸ்வரம் பாதை 2007-ல் அகலமானது. போடி மீட்டர்கேஜ் 2010 முடிவில் நின்றது. எழுபதுகளின் தொடக்கத்தில் கிளீனராகச் சேர்ந்த இருபது வயதுப் பையன் இன்று எழுபதைத் தாண்டியவர். அவருக்கு வேலை சொல்லிக்கொடுத்த டிரைவர்களில் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அறிவு அடியோடு போய்விடவில்லை என்பதற்கும் சாட்சி இருக்கிறது. நீலகிரி மலை ரயிலுக்காகப் பொன்மலைப் பணிமனை 2011 முதல் புதிய எக்ஸ் வகை நீராவி இன்ஜின்களைக் கட்டியது. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் கட்டிய பழைய இன்ஜின்களின் வகையை, பல் சக்கரம் பிடித்து மலை ஏறும் அத்தனை நுணுக்கத்தோடு, நம் ஊர்த் தொழிலாளர்கள் இந்த நூற்றாண்டில் செய்து ஓட விட்டார்கள். உலகத்தில் வெகு சில பணிமனைகளால் மட்டுமே அதைச் செய்ய முடியும். பொன்மலைக்காரர்களுக்கு என் தனி வேண்டுகோள் ஒன்று: ஒய்.பி., ஒய்.ஜி. இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டிய நாட்களில் நீங்கள் வைத்திருந்த சொந்தக் குறிப்பு நோட்டு ஏதாவது மிஞ்சியிருந்தால், தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வால்ஷார்ட் வால்வு கியரைச் சரிசெய்யும்போது நீங்கள் பென்சிலில் குறித்த எண்கள் எந்த நூலகத்திலும் இல்லை.

எப்படி உதவலாம் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். படத்தை ஆல்பத்திலிருந்து பிய்த்து எடுக்க வேண்டாம். பழைய பசை படத்தோடு வந்துவிடும். பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், பேரனையோ பேத்தியையோ விட்டு நேராக மேலிருந்து போனில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். படத்தில் இருப்பவர்கள் பெயர், ஊர், ஆண்டு, இன்ஜின் நம்பர் தெரிந்தவரை ஒரு தாளில் எழுதிப் படத்தோடு வையுங்கள். ஆண்டு தெரியாவிட்டால் மூத்த பையன் பிறப்பதற்கு முன்னா பின்னா என்று எழுதினாலும் போதும். பிள்ளைகளே, உங்கள் அப்பாவை உட்கார வைத்து, அவர் ஓட்டிய இன்ஜினின் கேபினைக் கையால் காட்டச் சொல்லி வீடியோ எடுங்கள். ரெகுலேட்டர் எங்கே, பிரேக் எங்கே, விசில் கம்பி எங்கே என்று கேட்டால் போதும். கை தானாகப் போகும் இடத்துக்குப் போகும். அந்தக் கைவீச்சின் உயரத்தை நான் அளந்துகொள்வேன். என்னால் வர முடிந்த ஊர் என்றால் நானே வருவேன். அசலை எடுத்துப்போக மாட்டேன், உங்கள் முன்னாலேயே படம் பிடித்துக்கொண்டு திருப்பித் தருவேன். பழைய படமோ நோட்டோ வீட்டில் வைக்க இடமில்லை, யாரும் பார்ப்பதில்லை என்று தோன்றினால், காயலான் கடைக்குப் போடுவதற்கு முன் திருச்சி ரயில்வே பாரம்பரிய மையத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கேபின் உட்புறத்தைச் செய்யத் தகடு வெட்டி வைத்திருக்கிறேன். உங்களில் ஒருவர் சொல்லும் வரை அதை மடிக்க மாட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

இப்படிக்கு,
கொட்டாம்பட்டியிலிருந்து,
உங்கள் இன்ஜினின் மாதிரியைச் செய்பவன்